கொச்சிக்காய்: ஊவாத் தோட்டங்களின் காரம்

கொச்சிக்காய் சுண்டுவிரலின் முதல் கணு அளவே இருக்கும் மிளகாய். இரண்டு, மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் வளர்வது அரிது. மற்ற மிளகாய்களில் பெரும்பாலானவை காம்பிலிருந்து கீழே தொங்கும்; இதுவோ கிளை நுனியில் வானம் பார்த்து நிமிர்ந்து நிற்கும். பிஞ்சில் பச்சையாகவோ வெளிறிய மஞ்சளாகவோ இருந்து, முற்றும்போது செம்மஞ்சளாகி, பழுத்தால் நல்ல சிவப்பாகிவிடும். இலங்கையின் ஊவா மாகாணத்தில் பதுளை, பசறை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என்று எந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாலும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பின்பக்கம் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் இந்தச் செடியைப் பார்க்கலாம். தோட்டத்துப் பேரேட்டில் தேயிலை மலை ஒவ்வொன்றுக்கும் இலக்கமுண்டு, கணக்குண்டு. கொச்சிச் செடி எந்தக் கணக்கிலும் வராது. ஆனாலும் லயத்தில் ஒருவேளைச் சாப்பாடு ருசிப்பதும் ருசிக்காததும் பல நாட்களில் அதன் கையில்தான் இருக்கிறது.

தாவரவியலார் இதைக் கப்சிகம் ஃபுருட்டெசன்ஸ் என்ற இனத்தில் சேர்க்கிறார்கள். கடையில் அன்றாடம் வாங்கும் பச்சை மிளகாய், செத்தல் மிளகாய், கறிமிளகாய் மூன்றும் கப்சிகம் அன்னூம் என்ற வேறோர் இனம். கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் காந்தாரி என்று சொல்லும் மிளகாய் கொச்சிக்காயின் உடன்பிறப்பு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1868 முதல் செய்யப்பட்டுவரும் டபாஸ்கோ சோஸின் மிளகாயும் இதே இனம்தான். சிங்களத்தில் இதற்குக் கொச்சி மிரிஸ் என்று பெயர். தென்னிந்தியாவின் கொச்சித் துறைமுகம் வழியாக வந்ததால் இந்தப் பெயர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். மட்டக்களப்புத் தமிழில் கொச்சிக்காய் என்றால் எல்லா மிளகாயும் அடங்கும். ஊவாவிலோ கொச்சி என்றதும் இந்தக் குட்டி மிளகாய்தான் நினைவுக்கு வரும்.

மிளகாய் என்ற சொல்லில் மிளகு இருக்கிறது. மிளகின் உறைப்பைத் தரும் காய் என்று, புதிதாக வந்த பொருளுக்குத் தெரிந்த பொருளின் பெயரையே சூட்டினார்கள். சிங்களத்திலும் இதே கதை நடந்தது. மிரிஸ் என்பது மிளகைக் குறிக்கும் மரிச என்ற வடசொல்லின் வழி வந்தது. அந்தப் பெயரை மிளகாய் எடுத்துக்கொண்டதால், பழைய மிளகு கம்மிரிஸ் ஆயிற்று. ஊர் மிரிஸ் என்பது அதன் பொருள். வந்தது சொந்தப் பெயரைப் பறித்துக்கொள்ள, சொந்தக்காரர் அடைமொழியோடு வாழ நேர்ந்தது. 1492க்கு முன் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே மிளகாய் கிடையாது. போர்த்துக்கேயர் 1503இல் கொச்சியில் கோட்டை கட்டினார்கள்; 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். 1630இல் அவர்களுடைய தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா படையோடு ஊவாவுக்குள் புகுந்து பதுளையைத் தீயிட்டுவிட்டுத் திரும்பும் வழியில், வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனிவெலவில் கொல்லப்பட்டார். அந்தப் படையால் பிடிக்க முடியாத மலைகளை, அவர்கள் கடல் கடந்து கொண்டுவந்த மிளகாய் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டது.

19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலைக்காகவும், திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து மக்கள் இந்த மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் கையோடு கொண்டுவந்தது செத்தல் மிளகாய்ச் சமையல். புளி, மல்லி, மிளகாய் வைத்து அரைத்த குழம்பு அது. ஆனால் செத்தல் மிளகாய் வெயில் காயும் சமவெளிப் பயிர். பனிமூட்டமும் அடைமழையும் உள்ள மலைச்சரிவில் மிளகாயைப் பழுக்க வைத்துக் காயப்போடுவது லேசான காரியமில்லை. எனவே செத்தலைக் காசு கொடுத்துக் கடையில் வாங்க வேண்டியிருந்தது. கொச்சிச் செடிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒருமுறை வேர்பிடித்தால் சில வருடங்கள் நின்று காய்க்கும். காய வைக்காமல் பச்சையாகவே பறித்து அரைக்கலாம். ஒரு குடும்பத்துக்கு இரண்டு செடி போதும். 1970களின் முற்பகுதியில் இலங்கை அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்து விவசாயிகள் அந்த இரண்டையும் பயிரிட்டு நிமிர்ந்தார்கள். அதே காலத்தில், 1973, 1974ஆம் ஆண்டுகளில், மலையகத் தோட்டங்களில் கொடும் பட்டினி. கடைச் சாமான் எதுவும் எட்டாத வீட்டில், கொல்லையில் நிற்கும் ஒரு செடியின் பெறுமதியை அளக்க வேறு தராசு வேண்டியதில்லை.

கொச்சிக்காயைப் பற்றிப் பேசுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே உறைப்பைச் சொல்வார்கள். உறைப்பு உண்மைதான். 1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலாளர் வகுத்த அளவுமுறையில் இந்த வகைக் குட்டி மிளகாய்கள் ஏறத்தாழ 50,000 முதல் 1,00,000 வரை வரும். மெக்சிக்கோவின் ஹலபீன்யோ மிளகாய் 8,000ஐத் தாண்டுவதில்லை. ஆனால் உறைப்பு மட்டும் வேண்டுமென்றால் ஒரு கரண்டி மிளகாய்த் தூள் போதுமே. கொச்சியை விரும்பித் தேடுவதற்குக் காரணம் அதன் மணம். ஒரு காயை நகத்தால் கிள்ளி மூக்கருகே பிடித்தால் முதலில் வருவது நறுக்கிய பச்சைக் காயின் வாசம். அதன் பின்னால் தேசிக்காய்த் தோலைக் கீறியது போன்ற ஒரு புளிப்பு மணம். நன்றாகப் பழுத்த சிவப்புக் காயில் இந்தப் பச்சை வாசம் குறைந்து, பழத்தின் இனிப்பு மணம் மேலோங்கும். அதனால்தான் சம்பலுக்குக் காயும் பழமும் கலந்து பறிப்பவர்கள் உண்டு. காய் மணத்தைக் கொடுக்கும், பழம் நிறத்தையும் மெல்லிய இனிப்பையும் கொடுக்கும்.

உறைக்கும் விதமும் வேறு. செத்தல் மிளகாயின் உறைப்பு வாய் முழுக்க மெல்லப் பரவி, குழம்பின் எண்ணெயோடு சேர்ந்து தங்கும். கொச்சி கடித்த கணமே நாக்கு நுனியிலும் உதட்டிலும் சுரீரென்று ஏறும். காது மடல் சூடாகும். மூக்கில் நீர் கட்டும். பிறகு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் இறங்கிவிடும். இறங்கியதும் அடுத்த வாய்க்குக் கை தானாகப் போகும்.

இந்த எரிவுக்குக் காரணம் கேப்சைசின், அதன் கூட்டாளியான டைஹைட்ரோகேப்சைசின் என்ற இரு பொருட்கள். மிளகாயின் உறைப்பில் பத்தில் ஒன்பது பங்கு இவற்றால் வருவது. விதையில்தான் உறைப்பு இருக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் விதைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் வெளிறிய நடுத்தண்டிலும் உட்சவ்விலும்தான் கேப்சைசின் ஊறுகிறது. ஒட்டிக்கொண்டிருப்பதால் விதையும் உறைக்கிறது. கொச்சிக்காயில் சதை மிகக் குறைவு; தோலும் தண்டும் விதையுமே காய். அவ்வளவு சிறிய உடலில் அவ்வளவு உறைப்பு அடங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உறைப்பு அறுசுவையில் ஒன்றாக எண்ணப்பட்டாலும், உடலைப் பொறுத்தவரை அது ஒரு சூட்டு வலி. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணரும் நரம்பு வாயில் ஒன்றைக் கேப்சைசினும் திறந்துவிடுகிறது. டேவிட் ஜூலியஸ் 1997இல் இதைக் கண்டுபிடித்தார். 2021இல் அவருக்கும் ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கொதிக்கும் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கொச்சிச் சம்பல் சாப்பிட்டால் எரிவு இரட்டிப்பாவது இதனால்தான்: இரண்டும் ஒரே கதவைத் தட்டுகின்றன.

கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். எரியும் வாய்க்குத் தண்ணீர் குடிப்பதால் பயன் குறைவு. தயிரோ பாலோ தேங்காய்ப் பாலோ உதவும். இலங்கைச் சமையலில் உறைப்பும் தேங்காயும் எங்கும் சேர்ந்தே இருப்பதன் நியாயம் இதில் விளங்கும். தேங்காய் உறைப்பை மழுக்கி மணத்தை விட்டுவைக்கிறது. கொச்சியின் மணம் சீக்கிரம் பறந்துவிடுகிற வகை. நெடுநேரம் கொதித்தால் உறைப்பு நிற்கும், மணம் போய்விடும். காய வைத்தாலும் அப்படியே. காய்ந்த கொச்சி உறைக்கும், ஆனால் அது கொச்சி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. கொச்சியை வைத்துச் செய்யும் எல்லாப் பக்குவமும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது: மணம் போகாமல் காப்பது.

அதில் முதலாவது கொச்சிச் சம்பல். எட்டு, பத்துக் காய், கொஞ்சம் கல்லுப்பு, ஐந்தாறு சின்ன வெங்காயம், கிடைத்தால் ஒரு துண்டு மாசிக் கருவாடு, ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, அரைத் தேசிக்காய். பொருட்கள் இவ்வளவுதான். ஆனால் எந்த வரிசையில் அம்மியில் ஏறுகின்றன என்பதில்தான் சம்பல் இருக்கிறது. முதலில் கொச்சியும் கல்லுப்பும் மட்டும். கொச்சியின் தோல் வழுவழுப்பானது. குழவியின் கீழ் நழுவி ஓடும், சில வேளை விதை தெறித்துக் கண்ணில் படும். கல்லுப்பின் கூர் தோலைக் கிழித்துப் பிடித்துக்கொள்ளும். குழவியை உருட்டாமல் முன்பக்கம் சாய்த்து நெரிக்க வேண்டும். காய் மசிந்து உப்பு ஈரமானதும் வெங்காயம். வெங்காயத்தை முதலில் வைத்தால் அது நீர் விட்டு, கொச்சி அதில் மிதந்து அரைபடாமல் போகும். வெங்காயம் விழுதாகக் கூடாது. இதழ் பிரிந்து நசிந்திருந்தால் போதும். பிறகு மாசி, அதன் பிறகு தேங்காய்ப்பூ. தேங்காய் ஏறியதும் இரண்டு, மூன்று இழுப்போடு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அரைத்தால் பால் விட்டுக் களியாகும். தேசிக்காயை அம்மியில் பிழியக் கூடாது. சம்பலை வழித்துக் கோப்பையில் போட்டு, அதில் பிழிந்து விரல் நுனியால் பிசறுவதுதான் முறை. அம்மியில் ஒட்டியிருப்பதும் வீண்போகாது. சூடான சோற்றை அதில் போட்டுப் பிரட்டி உருட்டிச் சாப்பிட, பிள்ளைகளுக்குள் போட்டி நடக்கும்.

மின்சார அரைப்பானில் இதே பொருட்களைப் போட்டால் ஒரு நொடியில் எல்லாம் ஒன்றாகிவிடும். அந்தச் சம்பலில் ஒவ்வொரு வாயும் ஒரே மாதிரி உறைக்கும். அம்மிச் சம்பலில் ஒரு வாயில் வெங்காயத்தின் இனிப்பு, அடுத்த வாயில் முழுதாக நசிந்த ஒரு கொச்சி, அதற்கடுத்து உப்பில் ஊறிய மாசி. கொச்சிக்கு அம்மிதான் பொருத்தம் என்பதில் சந்தேகமே இல்லை.

இந்தச் சம்பலின் இணை ரொட்டி. கோதுமை மாவில் உப்பும், வசதிப்பட்டால் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்து, கையால் தட்டி, விறகடுப்பில் சுடுகிற தடித்த ரொட்டி அது. காலையில் பிரட்டு எனும் ஆள்கணக்குக்குப் போகும் முன் சுட்டு, நடுவில் சம்பலை வைத்து மடித்துக் கொண்டுபோய், கொழுந்து பறிக்கும் மலையிலேயே சாப்பிடுவார்கள். ஆறிப்போன ரொட்டி மாவு வாசம் வீசும், விழுங்கச் சிரமமாயிருக்கும். அதற்கு உயிர் கொடுக்க உறைப்பும் புளிப்பும் உப்பும் ஒருசேர வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே இருக்கும் அப்புத்தளைப் பக்கத்துக் காலைக் குளிரில், எண்ணெய் விட்டுத் தாளித்த கறி பாத்திரத்திலேயே வெள்ளையாய்த் திரைந்துவிடும். எண்ணெயே படாத சம்பல் மதியம் வரை அப்படியே இருக்கும். 2022 பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலை பல மடங்கு ஏறியபோது தோட்டத்து வீடுகளில் ரொட்டியின் தடிப்பும் எண்ணிக்கையும் குறைந்தன. சம்பல் குறையவில்லை. ரொட்டி இல்லாத இடத்தில் அவித்த மரவள்ளிக்கிழங்கு வந்து உட்கார்ந்தது. மரவள்ளிக்கும் கொச்சிச் சம்பலுக்கும் உள்ள பொருத்தம் நெருக்கடி வந்து கற்றுக்கொடுத்ததல்ல, சிங்களக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் வெகுகாலமாக இருப்பது.

அவித்த பலாச்சுளை, குரக்கன் ரொட்டி, குரக்கன் பிட்டு, பாற்சோறு எல்லாவற்றுக்கும் இந்தச் சம்பல் சேரும். பாற்சோற்றுக்கு வழக்கமான துணை செத்தல் மிளகாயை இடித்துச் செய்யும் கட்டைச் சம்பல், சிங்களத்தில் லுணுமிரிஸ். அதில் செத்தலுக்குப் பதில் கொச்சி சேர்த்தால் நிறம் மங்கும், மணம் ஏறும். கீரைச் சுண்டலில் கொச்சியைப் பொடியாக நறுக்கி, அடுப்பிலிருந்து இறக்கும் வேளையில் தேங்காய்ப்பூவோடு தூவிக் கிளறுவார்கள். நெத்தலிக் கருவாட்டைப் பொரித்து வெங்காயமும் கொச்சியும் தேசிக்காய்ப் புளியும் பிசறினால், பருப்பும் சோறும் மட்டுமுள்ள இரவுச் சாப்பாட்டுக்கு அது ஒன்றே போதும். டின் மீனுக்கும் இதே பக்குவம்.

குழம்பில் போடும்போது முறை மாறுகிறது. பருப்பு, சொதி, பிஞ்சுப் பலாக்கறி இவற்றில் கொச்சியைக் கீறாமல், உடைக்காமல் முழுதாகப் போடுவார்கள். அதுவும் முதற்பால் விட்டு ஒரு கொதி வரும் நேரத்தில். காய் வெடிக்காதவரை உறைப்பு உள்ளேயே இருக்கும். மணம் மட்டும் பாலில் இறங்கும். உறைப்பு வேண்டியவர் தன் தட்டில் காயை நசித்துக்கொள்ளலாம். வேண்டாதவர் ஓரமாக எடுத்து வைக்கலாம். குழந்தையும் கிழவரும் கூலி வேலை செய்துவிட்டு வரும் இளைஞரும் ஒரே சட்டியில் சாப்பிடும் வீட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கறியைக் கிளறும்போது அகப்பை காயில் படாமல் பார்த்துக்கொள்வது மட்டும் சமைப்பவரின் பொறுப்பு.

முழுதாகப் போடும் இந்த முறைக்கு இன்னும் பேர்போனது நயி மிரிஸ் என்ற வேறொரு மிளகாய். சிங்களத்தில் நயி என்றால் நாகபாம்புகள். சுருக்கம் விழுந்து குண்டாக இருக்கும் இது கப்சிகம் சினென்ஸ் இனம். மெக்சிக்கோவின் ஹபனேரோவும், 2007இல் உலகின் மிக உறைப்பான மிளகாயாகக் கின்னஸ் பதிவேறிய அசாமின் பூத் ஜொலோக்கியாவும் இதன் உறவுகள். நயி மிரிஸின் வாசம் கொச்சியைவிடக் கனமானது, பழுத்த பழத்தின் வாசம் கொண்டது. உறைப்பு மெதுவாக ஏறித் தொண்டையில் நெடுநேரம் நிற்கும். ஒரு சட்டிக் கறிக்கு ஒரு காய்; அதையும் மேலே மிதக்கவிட்டு, பரிமாறும் முன் எடுத்துவிடுவார்கள். தவறி உடைந்தால் அன்றைக்குச் சட்டியை யாரும் தொட முடியாது. கறிமிளகாய் இதற்கு நேர் எதிர். வெளிமடை, பண்டாரவளைப் பக்கத்து மரக்கறி விவசாயிகள் பெருமளவில் பயிரிட்டு, கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு மூட்டை மூட்டையாக ஏற்றுகிற நீண்ட வெளிர்மஞ்சள் காய் அது. உறைப்பு பேருக்குத்தான். மாசியும் உருளைக்கிழங்கும் அடைத்துப் பொரிக்கவும், பால்கறி வைக்கவும் ஏற்றது. செத்தல் மிளகாயோ, நாட்டுக்குத் தேவையானதில் பெரும்பகுதி இன்றும் இந்தியாவிலிருந்துதான் வருகிறது. இந்த நான்கில் கொச்சி ஒன்றுதான் ஊவாத் தோட்டத்து மக்கள் விலை கேட்காமல் சாப்பிடுவது.

ஊவாவின் தேயிலைக்கும் கொச்சிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. வடகீழ்ப் பருவக்காற்றால் ஐப்பசி முதல் தை வரை இங்கே மழை கொட்டும். ஆடி, ஆவணி மாதங்களில் மலைமுகட்டைத் தாண்டி வரும் வறண்ட காற்று அடிக்கும். அந்தக் காற்றில் வாடும் தேயிலைக் கொழுந்தில்தான் உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த தனி மணம் உண்டாகிறது. மெத்தில் சலிசிலேற்று என்ற பொருளின் மணம் அது. மிளகாயிலும் சில வகைகளில் தண்ணீர்த் தட்டுப்பாடு வரும்போது கேப்சைசின் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வெயில் காலத்துக் கொச்சி மழைக்காலத்துக் கொச்சியைவிடச் சிறியதாகவும் கடுமையாகவும் இருப்பதை ஆய்வுகூடம் போகாமலே உணரலாம். மழைக்காலத்தில் பத்துக் காய் போடும் கை, ஆவணியில் ஆறோடு நின்றுவிடும்.

கொச்சியை யாரும் பாத்தி கட்டி வளர்ப்பதில்லை. பல வீடுகளில் செடியை நட்டதே கொண்டைக் குருவிதான். பறவைகளின் நரம்பில் இருக்கும் அந்தச் சூட்டு வாயில் கேப்சைசினுக்குத் திறக்காது. குருவி பழத்தை முழுதாக விழுங்கி, விதையைச் சேதமில்லாமல் வேறிடத்தில் எச்சமிடும். எலியும் அணிலும் கடித்து விதையை அரைத்துவிடும், அவற்றுக்குத்தான் எரியும். பழுத்த கொச்சி தொட்டவுடன் காம்பை விட்டுக் கழன்றுவிடுவதும், நிமிர்ந்து நின்று சிவப்புக் காட்டுவதும் குருவிக்காகச் செடி செய்துவைத்திருக்கும் ஏற்பாடுகள். வீட்டில் விதை போடுபவர்கள் நன்கு பழுத்த காயைப் பிளந்து, விதையை அடுப்புச் சாம்பலில் பிரட்டி நிழலில் உலர்த்துவார்கள். முளைக்க இரண்டு, மூன்று வாரம் எடுக்கும். பொறுமையில்லாதவர் செத்துவிட்டதென்று நினைத்துக் கிளறிவிடுவதுண்டு. வேரில் தண்ணீர் தேங்காத சரிவும், அரைநாள் வெயிலும், அவ்வப்போது கொஞ்சம் சாணமும் இருந்தால் செடி இடுப்பளவுக்குக் கிளைத்து நிற்கும். இலை சுருண்டால் பேனோ சிற்றுண்ணியோ காரணம். சுருண்ட நுனியைக் கிள்ளி எரித்துவிடுவது பழைய வைத்தியம். காய்ப்பு ஓய்ந்த செடியைத் தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவது போல முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் மறுபடியும் துளிர்க்கும்.

பச்சை மிளகாய் வகைகளில் உயிர்ச்சத்து சி நிறைய உண்டு. அந்தச் சத்து தொடர்பான ஆய்வுகளுக்காக 1937இல் நோபல் பரிசு பெற்ற ஹங்கேரிய விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட் ஜியோர்ஜி, அதைப் பெருமளவில் பிரித்தெடுத்தது தாம் பணியாற்றிய செகெட் நகரின் குடைமிளகாயிலிருந்துதான். ஒரு நேரத்துக்கு நான்கைந்து கொச்சி தின்பதால் ஒருவரின் நாள்தேவை நிறைந்துவிடாது. ஆனால் மாவும் சோறும் பருப்புமே மாறிமாறி வரும் தட்டில், வேகாத பச்சைப் பொருள் என்று இருப்பது சில நாட்களில் அந்தச் சம்பல் ஒன்றுதான். வயிற்றுப்புண் உள்ளவர்கள் இதை ஒதுக்குவது நல்லது. நரம்பு வலிக்குத் தடவும் களிம்பிலும் ஒட்டும் பட்டையிலும் கேப்சைசின் மருந்தாகப் பயன்படுகிறது என்பதும் இதன் இன்னொரு பக்கம். கொச்சி நறுக்கிய கையால் கண்ணைத் தொட்டால் என்னாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில் சம்பல் அரைப்பது வேறொருவர் வேலை. எரியும் கையைத் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. தேங்காய் எண்ணெயைப் பூசித் தேய்த்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவினால்தான் அடங்கும்.

பறித்த கொச்சி இரண்டு, மூன்று நாளில் காம்பு கறுத்து வாடிவிடும். அதனால் பதுளை, பண்டாரவளைச் சந்தைகளில் இதைச் சிறு கூறுகளாகத்தான் வைத்து விற்பார்கள். பக்கத்தில் பச்சை மிளகாய் குவியலாகக் கிடக்கும். கொச்சியைப் பாதுகாக்கத் தெரிந்த வழி வினாகிரிதான். கழுவிய காயை ஈரம் போகத் துணியில் பரப்பி, காம்பைக் கிள்ளாமல் நுனியில் ஊசியால் ஒரு குத்து விட்டு, உரித்த சின்ன வெங்காயத்தோடு கண்ணாடிப் போத்தலில் நிரப்புவார்கள். காய்ச்சி ஆறவைத்த வினாகிரியில் உப்பும் கொஞ்சம் சீனியும் கரைத்து, காய் மூழ்கும்வரை ஊற்றுவார்கள். காம்பு இருந்தால் காய் குழையாது. குத்து இருந்தால் புளிப்பு உள்ளே போகும். இரண்டு வாரத்தில் காயின் உறைப்பு வினாகிரிக்கும், வினாகிரியின் புளிப்பு காய்க்கும் மாறியிருக்கும். அதன்பின் காயை விடத் தண்ணீருக்குத்தான் கிராக்கி: பருப்பில் இரண்டு சொட்டு, வறுத்த மீனில் இரண்டு சொட்டு.

1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த ரயில் பாதையில் இன்று கொழும்புக்குப் போகும் தோட்டத்து இளைஞர்கள் பலர் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். லீவு முடிந்து திரும்பும்போது பையில் உடுப்புக்கு நடுவே, மூடியைப் பொலித்தீனால் இறுக்கிக் கட்டிய ஒரு கொச்சிப் போத்தல் இருக்கும். தண்ணீர் குறையக் குறைய வினாகிரியை ஊற்றிக்கொண்டே போகலாம். மூன்றாவது முறை ஊற்றியும் உறைத்தால் அது நல்ல செடியின் காய்.